புரூடர் குஞ்சுகளுக்கு வேலை கொடுங்கள்

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் குஞ்சு கொத்திக் குஞ்சு சாவது உண்டு. ஒரு நாள் வயதுடைய நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்து, வீட்டின் மூலையிலோ தாழ்வாரத்திலோ பல்பு போட்டு வளர்ப்போரில் பலர் இதைக் கண்டிருப்பார்கள். முதல் வாரம் நன்றாக இருக்கும் குஞ்சுகள், இரண்டாம் மூன்றாம் வாரங்களில் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். முதலில் கால் விரல், பிறகு வால், முதுகு, ஆசனவாய் என்று கொத்தும். ரத்தம் கண்டுவிட்டால் மற்றக் குஞ்சுகளும் கூடிக்கொண்டு, அந்த ஒரு குஞ்சைக் கொன்ற பிறகே ஓயும்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்க்காத ஒன்று, குஞ்சுகளுக்கு வேலை இல்லாமை. அதைப் பற்றியும், செலவில்லாமல் அவற்றுக்கு வேலை கொடுக்கும் வழிகளைப் பற்றியும் இங்கே காண்போம்.

சுத்தமே வினையானது

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். மகளிர் குழுவில் கடன் பெற்று நூறு குஞ்சுகள் வாங்கி வளர்த்து வந்தார். மூன்றாம் வாரத்தில் பதினொரு குஞ்சுகள் இறந்திருந்தன. நோய் என்று எண்ணித் தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்திருக்கிறார். பயன் இல்லை.

நேரில் சென்று பார்த்தேன். ஆறடி நீளம், நான்கடி அகலமுள்ள அடைப்பில் எல்லாக் குஞ்சுகளும் இருந்தன. சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்து, காலையும் மாலையும் மாற்றி வந்தார். தீவனம் தொட்டியில், தண்ணீர் தொட்டியில். வேறு ஒரு துரும்பும் இல்லை. மேலே இரண்டு நூறு வாட் பல்புகள் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தன. இறந்த குஞ்சுகளின் வாலடியில் காயம் இருந்தது.

“அழுக்கு இருந்தால் சீக்கு வரும் என்று நீங்கள்தானே பயிற்சியில் சொன்னீர்கள்?” என்று அந்த அம்மையார் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. வெப்பம், தீவனம், தடுப்பூசி, சுத்தம் ஆகிய நான்கையும் பயிற்சிகளில் வலியுறுத்தும் நாங்கள், குஞ்சுக்கு வேலை வேண்டும் என்பதை அந்நாளில் சொல்லவில்லை. அவர் எங்கள் சொற்படியே நடந்திருந்தார்.

தாய்க்கோழி செய்யும் காரியம்

தாய்க்கோழியுடன் திரியும் குஞ்சுகளைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். தாய் நிலத்தைக் கிளறுகிறது. ஒரு புழுவையோ தானியத்தையோ அலகால் எடுத்துக் கீழே போட்டு, கொக்கொக்கென்று கூப்பிடுகிறது. குஞ்சுகள் ஓடி வந்து கொத்துகின்றன. பிறகு அடுத்த இடம். கிளறுவதும் கொத்துவதும் ஓடுவதும் மண்ணில் புரள்வதுமாகப் பொழுது போய்விடுகிறது.

நம் கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிகளைப் பற்றி, ஆங்கில விஞ்ஞானி மரியன் டாக்கின்ஸ் 1989-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அக்கோழிகளுக்கு ஒழுங்காகத் தீனி போடப்பட்டு வந்தது. அப்படியிருந்தும், அவற்றைக் கவனித்த நிமிடங்களில் 60 சதவீதத்தில் அவை தரையைக் கொத்திக்கொண்டும், 34 சதவீதத்தில் கிளறிக்கொண்டும் இருந்தன. வயிறு நிறைந்தாலும் கோழியின் அலகு ஓய்வதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

இந்தக் குணம் முட்டையிலிருந்து வெளிவரும்போதே குஞ்சிடம் இருக்கிறது. வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே இரண்டு மூன்று நாட்களுக்கு அதற்கு உணவாகும். ஆனாலும் அது முதல் நாளே கண்ணில் படும் புள்ளியையெல்லாம் கொத்திப் பார்க்கும். புரூடரில் தொட்டித் தீவனம் தின்று முடிக்கச் சிறிது நேரம் போதும். மீதிப் பொழுதில் கொத்துவதற்கு அங்கே இருப்பது என்ன? பக்கத்துக் குஞ்சின் விரலும், அதன் முளைத்து வரும் இறகும்தான். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும் இறகின் குருத்தில் ரத்தம் இருக்கும். அதைக் கொத்தினால் ரத்தம் கசியும். வினை அங்கே ஆரம்பமாகிறது.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

வேலை கொடுப்பதற்கு முன் மற்றக் காரணங்களை நீக்கிவிட வேண்டும். புழுக்கத்திலும் நெரிசலிலும் தவிக்கும் குஞ்சுக்குக் கீரை கட்டித் தொங்கவிட்டுப் பயன் இல்லை.

வெப்பம்: முதல் வாரத்தில் குஞ்சின் உயரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் (35 டிகிரி சென்டிகிரேடு) வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் குறைத்து வரவேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சுகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் வெப்பம் போதவில்லை. பல்பை விட்டு விலகி, ஓரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியான அளவு. பருவத்துக்குத் தக்கபடி குஞ்சு ஒன்றுக்கு 1 முதல் 2 வாட் கணக்கில் குண்டு பல்பு போடலாம். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்கு வேண்டிய வெப்பத்தைத் தராது. பல்பு கூளத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கோடையில் மூன்றாம் வாரத்துக்குப் பின் பகலில் பல்பு தேவைப்படாது.

வெளிச்சம்: கண்ணைக் கூசும் வெளிச்சமும், சன்னல் வழியாக ஒரே இடத்தில் விழும் வெயிலும் கொத்துவதைத் தூண்டும். சன்னலில் சாக்குத் திரை கட்டி மட்டுப்படுத்தலாம்.

இடம்: நூறு குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஆறடி விட்டமுள்ள தகட்டு வளையம் போதும். இரண்டாம் வாரம் 50 சதுர அடி, நான்காம் வாரம் 100 சதுர அடி என்று விரிவாக்க வேண்டும். குஞ்சு நாள்தோறும் வளர்கிறது. அடைப்பும் கூடவே வளர வேண்டும்.

தீவனமும் தண்ணீரும்: முதல் இரண்டு வாரத்துக்குக் குஞ்சு ஒன்றுக்கு ஓர் அங்குலத் தொட்டி நீளம் தேவை. இருபுறமும் நின்று தின்னக்கூடிய இரண்டரை அடித் தொட்டிகள் இரண்டு இருந்தால் நூறு குஞ்சுகளுக்குப் போதும். பிறகு இதை இரு மடங்காக்கவும். நொய்யும் தவிடும் மட்டும் போட்டு வளர்த்தால் புரதமும் உப்புச் சத்தும் குறைந்து, குஞ்சுகள் இறகு தின்னத் தொடங்கும். சுமார் 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனமே கொடுக்க வேண்டும். உப்புச் சத்துக் குறைவு என்று எண்ணித் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் உப்பே குஞ்சுகளுக்கு நஞ்சாகும்.

நோய்: இறந்த குஞ்சின் உடலில் காயம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காயமின்றி இறந்தாலும், எச்சத்தில் ரத்தம் கண்டாலும், இறகு சிலிர்த்து உறங்கி விழுந்தாலும் அது நோயாகலாம். உடனே கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், இனி வேலைக்கு வருவோம்.

கிளறுவதற்குக் கூளம்

முதல் வேலை காலுக்கு. சிமெண்டுத் தரையிலும் சாக்கிலும் குஞ்சு கிளற முடியாது. நெல் உமி, கடலைத் தோல், காய்ந்த தென்னை நார்க்கழிவு ஆகியவற்றில் கிடைப்பதை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். நைந்த மரத்தூளைக் குஞ்சுகள் தீவனம் என்று தின்றுவிடும். ஆகையால் ஆரம்பத்தில் அது வேண்டாம். பூஞ்சணம் பிடித்த கூளம் கூடாது.

முதல் மூன்று நாட்களுக்குக் கூளத்தின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் தீவனத்தைத் தூவ வேண்டும். தாளைக் கையால் கசக்கி விரித்தால் கால் வழுக்காது. வழுக்கும் தரையில் நிற்கும் குஞ்சுக்குக் கால் அகன்று ஊனமாகிவிடும்.

நான்காம் நாள் தாளை எடுத்துவிடலாம். அதன்பின் கூளத்தை நாள்தோறும் மாற்ற வேண்டியதில்லை. தினம் ஒரு முறை கிளறிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நனைந்த பகுதியை மட்டும் அள்ளிவிட்டு உலர்ந்த கூளம் போட்டால் போதும். கூளம் ஈரமானால் ரத்தக் கழிச்சல் வரும். உலர்ந்திருக்கும் வரை அது அழுக்கு அல்ல, குஞ்சுகளின் விளைநிலம்.

கூளத்தில் ஒரு கைப்பிடி தானியம்

இரண்டாம் வாரம் முதல் காலை ஒரு கைப்பிடி, மாலை ஒரு கைப்பிடி கம்பு அல்லது நொய்யைக் கூளத்தின் மேல் பரவலாக வீசுங்கள். மூன்றாம் வாரம் முதல் உடைத்த சோளமும் மக்காச்சோளமும் வீசலாம். தொட்டியில் போட்டால் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும் தானியம், கூளத்தில் வீசினால் வெகு நேரத்துக்கு வேலை தரும். குஞ்சுகள் கிளறுவதால் கூளமும் உலர்ந்து நிற்கும்.

நூறு குஞ்சுகளுக்கு இரண்டு கைப்பிடி என்பதே ஆரம்ப அளவு. மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தானியம் போகக்கூடாது. அதிகம் போட்டால் குஞ்சுத் தீவனம் தின்பது குறைந்து, புரதம் குறையும். குறைந்தால் மறுபடியும் இறகைக் கொத்தும்.

தானியம் கொடுக்கத் தொடங்கும்போதே ஒரு தட்டில் சுத்தமான மெல்லிய ஆற்று மணலும் வைக்க வேண்டும். பல் இல்லாத குஞ்சுக்கு அரைவைப் பையிலுள்ள மணலே தானியத்தை அரைக்கிறது.

தொங்கும் கீரைக்கட்டு

முருங்கை, அகத்தி, குப்பைக்கீரை போன்றவற்றை முதலில் பொடியாக நறுக்கித் தட்டில் வையுங்கள். பத்து நாள் வயதுக்குப் பிறகு சிறு கட்டாகக் கட்டி, குஞ்சின் தலை உயரத்துக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். கட்டு ஆடும், இலை எளிதில் கிழிந்து வராது, எட்டி எட்டிக் கொத்த வேண்டியிருக்கும். நூறு குஞ்சுகள் இருந்தால் நான்கு இடங்களில் சிறு சிறு கட்டுகளாகத் தொங்கவிட வேண்டும். ஒரே இடத்தில் கட்டினால் அங்கே கூட்டம் கூடிச் சண்டை வரும்.

நண்பகலுக்குப் பின், குஞ்சுகள் தீனி தின்று சோம்பியிருக்கும் நேரம் இதற்கு ஏற்றது. கட்டும் நாரோ நூலோ அறுந்து குஞ்சின் வாய்க்குள் போகாதபடி, வாழை நாரால் இறுகக் கட்டுங்கள். மாலையில் மீதியை எடுத்துவிட வேண்டும். நீண்ட, நாருள்ள புல்லைக் கொடுக்கக் கூடாது. அது தீனிப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். மருந்து அடித்த வயலின் கீரையை எக்காரணத்தைக் கொண்டும் தொடாதீர்கள்.

அசோலா வளர்ப்போர் அதைச் சாணி வாடை போக நன்றாக அலசி, நீரை வடித்துவிட்டுக் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

பானைக் கரையான்

நம் கிராமத்துப் பெண்மணிகளுக்கு இது புதிதல்ல. ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், சருகு, ஓலைத் துண்டு ஆகியவற்றைத் திணித்து, சிறிது தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் கரையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளின் முன் தட்டிவிட்டால் அவை படும் உற்சாகத்தைப் பார்க்க வேண்டும்! சருகோடு தட்டிவிட்டால், ஒளிந்திருக்கும் கரையானையும் தேடித் தேடிக் கொத்தும். புரதமும் கிடைக்கிறது, வேலையும் கிடைக்கிறது.

இரண்டாம் வாரம் முதல் சிறிதளவு கொடுக்கலாம். கரையானை ஒழிக்க மருந்து ஊற்றிய வீட்டுச் சுவரோரமோ, மருந்திட்ட தென்னந்தோப்போ இதற்கு ஆகாது. மருந்து தின்ற கரையான் குஞ்சைக் கொல்லும்.

புரள மண்ணும் ஏற மரமும்

பத்து நாள் வயதில் ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டு தட்டுகளோ, ஓரம் தாழ்ந்த பெட்டிகளோ வைத்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு மணலும் செம்மண்ணும் நிரப்புங்கள். சலித்து ஆறிய விறகுச் சாம்பலைக் கொஞ்சம் கலக்கலாம். இறகினூடே மண்ணைத் தூவிக்கொண்டு குஞ்சுகள் புரளும். இது தோலுக்கும் இறகுக்கும் நல்லது. இளம் வயதில் இவ்வாறு புரள வழியில்லாத குஞ்சுகளிடமே இறகு கொத்தும் பழக்கம் அதிகம். சாம்பல் ஈரமாகக் கூடாது. ஈரச் சாம்பல் தோலை அரிக்கும். ஆகையால் இத்தட்டு தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் மூலையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் எரித்த அடுப்பின் சாம்பல் ஆகவே ஆகாது.

இரண்டாம் வாரக் கடைசியில், நான்கு அங்குல உயரத்தில் கைப்பெருவிரல் பருமனுள்ள கம்புகளைப் பொருத்துங்கள். மூன்று நான்கு வாரத்தில் ஓர் அடி வரை உயர்த்தலாம். ஏறுவதும் இறங்குவதும் காலுக்கு வலு. அதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. கொத்துப்படும் குஞ்சு ஏறித் தப்பிக்க ஓர் இடம் கிடைக்கிறது. நான்கு வாரத்துக்குள் பரணில் ஏறிப் பழகிய குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் காலத்தில், ஆசனவாய் கொத்தும் தொல்லை குறைவாக இருப்பதையும் ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். கூளத்தில் குப்புற வைத்த இரண்டு கூடையோ அட்டைப் பெட்டியோகூட மறைவிடமாக உதவும்.

கவனிக்க: ஒரே நாளில் எல்லாவற்றையும் உள்ளே வைத்தால் குஞ்சுகள் மிரண்டு மூலையில் நெருங்கி மிதிபடும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு புதிய பொருள் போதும். பளபளக்கும் பொருள்கள், ஆணி, கம்பித் துண்டு, தெர்மோகோல், பாலித்தீன் ஆகியவை அடைப்பில் இருக்கவே கூடாது. குஞ்சு கொத்தி விழுங்கிவிடும்.

கொத்தத் தொடங்கிவிட்டால்

காயம்பட்ட குஞ்சை அந்த நிமிடமே எடுத்து வேறு பெட்டியில் வெப்பத்துடன் வையுங்கள். ரத்தத்தைத் துடைத்து, வேப்பெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துத் தடவலாம். கசப்பினால் மற்றக் குஞ்சுகள் அதைக் கொத்தத் தயங்கும். காயம் முழுவதும் ஆறிய பிறகு, மாலையில் வெளிச்சம் மங்கிய நேரத்தில் கூட்டத்தில் விடுங்கள். ஓயாமல் கொத்தும் குஞ்சு ஒன்றிரண்டு இருந்தால் அவற்றைச் சில நாட்கள் தனியே வைக்கலாம். கூடவே இடத்தை அதிகப்படுத்தி, வெளிச்சத்தைக் குறையுங்கள்.

பெரிய பண்ணைகளில் இதற்காக அலகு வெட்டுகிறார்கள். மேய்ச்சலுக்கு விடப்போகும் நாட்டுக்கோழிக்கு அது வேண்டாம். அலகு மழுங்கிய கோழி மண்ணைக் கிளறிப் பூச்சி பிடிக்கத் தடுமாறும்.

வார அட்டவணை

முதல் வாரம்: கூளத்தின் மேல் கசக்கிய தாள், தாளில் தூவிய தீவனம். நான்காம் நாள் தாளை நீக்கவும். வாரக் கடைசியில் நறுக்கிய கீரை சிறிது.

இரண்டாம் வாரம்: மணல் தட்டு, இரு வேளை ஒரு கைப்பிடி கம்பு அல்லது நொய், மண் புரளும் தட்டு, சிறிது கரையான், தொங்கும் கீரைக்கட்டு, வாரக் கடைசியில் தாழ்ந்த கம்பு.

மூன்று, நான்காம் வாரங்கள்: அடைப்பை விரிவாக்கவும், உடைத்த சோளம், கம்பை உயர்த்தவும். கொத்தும் தொல்லை மிகுதியாகும் காலம் இது. தினமும் இரு முறை வாலடியையும் விரல்களையும் பார்க்கவும்.

ஐந்து, ஆறாம் வாரங்கள்: மழையில்லாத நாட்களில், வலை கட்டிய இடத்தில், சில மணி நேரம் வெளியே விட்டுப் பழக்கவும்.

தடுப்பூசிகளை உரிய நாட்களில் போடுவதை இவற்றோடு மறந்துவிட வேண்டாம்.

இது விளையாட்டு அல்ல, படிப்பு

தானியம் வீசும்போது ஒவ்வொரு முறையும் “பா... பா...” என்று ஒரே மாதிரிக் குரல் கொடுத்து வாருங்கள். பிற்பாடு தோட்டத்தில் விடும்போது, அந்தக் குரலுக்கு எல்லாக் குஞ்சுகளும் ஓடி வரும். மாலையில் அடைப்பதும், பருந்து வட்டமிடும்போது கூட்டிச் சேர்ப்பதும் எளிதாகும். கிளறவும், கரையான் பொறுக்கவும், கம்பில் ஏறவும் புரூடரிலேயே கற்ற குஞ்சு, வெளியே சென்ற முதல் நாளே தன் தீனியில் ஒரு பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். தாயில்லாக் குஞ்சுக்கு இந்தப் படிப்பைக் கொடுக்க வேண்டியவர் வளர்ப்பவர்தான்.

மேலே சொன்ன அம்மையார் சாக்கை எடுத்துவிட்டு உமி பரப்பினார். அடைப்பைத் தாழ்வாரம் முழுவதும் நீட்டி, பகலில் பல்பை அணைத்தார். முருங்கைக் கொத்து கட்டினார், பானை கவிழ்த்தார். முன்பே பலத்த காயம்பட்டிருந்த இரண்டு குஞ்சுகள் மறுநாள் இறந்தன. அதன்பின் கொத்துப்பட்டு ஒன்றும் இறக்கவில்லை. பதின்மூன்று குஞ்சுகள் போனது போனதுதான். ஆனால் அடுத்த தடவை நூறு குஞ்சுகள் வாங்கியபோது, குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே அவர் உமி மூட்டையை வாங்கி வைத்திருந்தார்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு மூட்டை உமியும், தினம் இரண்டு கைப்பிடி தானியமுமே. மற்றவை தோட்டத்திலும் தெருவோரத்திலும் கிடைப்பவை. மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவரையோ அணுகலாம்.